‘இரத்தம் படாத சீனி’: மேப்பிள் பாணியும் அது காய்ச்சப்பட்ட காடும்

கனடாவிலிருந்து வரும் சொந்தக்காரரின் பெட்டியைப் பிரித்தால் சொக்லேட், சவர்க்காரம், கோடாலித் தைலம் இவற்றோடு இலை வடிவத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலும் சிலவேளை இருக்கும். மேப்பிள் சிரப். எங்கட ஆக்கள் அதை ‘கனடாப் பாணி’ என்று சொல்லிவிடுவார்கள். கனடாக் கொடியில் இருக்கிற அதே இலை என்பதால் அது கனடாவின் பொருள் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் அந்தக் கொடி முதன்முதலில் ஏறியது 1965 பெப்ரவரியில்தான். மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சும் வேலை கனடாவுக்கும் மூத்தது, அமெரிக்காவுக்கும் மூத்தது.

அந்த நீண்ட வரலாற்றில் ஒரு துண்டைத்தான் இங்கே எடுக்கிறேன். 1790களில் அமெரிக்காவில் சில பெரிய மனிதர்கள், அடிமை முறையை ஒழிக்க மேப்பிள் சீனி போதும் என்று உண்மையாகவே நம்பினார்கள். கரும்புச் சீனியில் அடிமைகளின் இரத்தம் இருக்கிறது, மேப்பிள் சீனியில் இல்லை. எல்லாரும் இதற்கு மாறினால் அது தானாக விழும் என்பது அவர்களுடைய கணக்கு. கேட்க நல்ல கதை. இணையத்தில் இதை ‘மறக்கப்பட்ட அறம்’ என்ற மாதிரி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த மரங்கள் நின்ற காடு யாருடையது என்று கேட்கத் தொடங்கினால் கதை வேறு பக்கம் போகிறது.

மரம் எப்படி நீர் விடுகிறது?

முதலில் வேலையைப் புரிந்துகொள்வோம், ஏனென்றால் வரலாறு முழுக்க இந்த வேலையின் கஷ்டத்தில்தான் தங்கி இருக்கிறது.

பனையிலும் கித்துளிலும் பாளையைச் சீவித்தான் நீர் எடுப்பார்கள். மேப்பிளில் அடிமரத்திலேயே துளை போட வேண்டும். அதுவும் எந்த நாளும் வராது. பனிக்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் இடைவெளியில், பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரைக்குள் ஒரு நான்கு தொடக்கம் ஆறு கிழமைகள் மட்டும்தான். இரவில் தண்ணீர் உறைய வேண்டும், பகலில் உருக வேண்டும். இரவில் உறையும்போது மரம் நீரை உள்ளிழுக்கும்; பகலில் சூடு ஏறும்போது உள்ளே அழுத்தம் கூடி, துளை வழியாக நீர் சொட்டும். இரவும் பகலும் ஒரேயடியாகக் குளிர்ந்தாலும் வராது, ஒரேயடியாகச் சூடானாலும் வராது. மொட்டு விரியத் தொடங்கினால் நீரின் சுவை கெட்டுவிடும். அதோடு பருவம் முடிந்தது.

வருகிற நீர் பார்வைக்குப் பச்சைத் தண்ணீர் மாதிரி. எங்கட கருப்பணியில் பத்து வீதத்துக்கு மேல் இனிப்பு இருக்கும். மேப்பிள் நீரில் இரண்டு வீதம் அளவில்தான். அதனால் ஒரு லீற்றர் பாணிக்கு ஏறக்குறைய 40 லீற்றர் நீரைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். பாணியாகும்போது இனிப்பு 66 வீதம் அளவுக்கு வந்திருக்கும். இன்னும் காய்ச்சிக் கிண்டினால் கட்டியாகும், மணல் மாதிரிச் சீனியாகும். அந்த மண்ணிறமும் வாசமும் மரத்திலிருந்து அப்படியே வருவதில்லை, அடுப்புச் சூட்டில்தான் உண்டாகின்றன. விறகு வேணும், ஆள் வேணும், இரவும் பகலும் விழித்திருக்க வேணும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ.

முதலில் காய்ச்சியவர்கள்

வட அமெரிக்காவின் கிழக்கு, வடகிழக்குக் காடுகளிலும் பேரேரிகளைச் சுற்றியும் வாழ்ந்த பூர்வகுடிகள்தான் இந்த வேலையின் உரிமையாளர்கள். அனிஷினாபே மக்கள், அவர்களில் ஒரு பிரிவினரான ஒஜிப்வேக்கள், ஹோடெனோஷோனி கூட்டமைப்பினர் (ஐரோப்பியர் இவர்களை இரோகுவா என்றார்கள்), அபெனாக்கி, மிக்மாக் என்று பட்டியல் நீளும். ஒஜிப்வே மொழியில் பாணி காய்ச்சும் மாதத்துக்கே அந்த வேலையின் பெயர்தான்.

அவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. ஆதியில் மரத்தை வெட்டினாலே பாணி தடிப்பாக வழியுமாம். சனங்கள் வேலை வெட்டி இல்லாமல் மரத்தடியில் வாயைத் திறந்தபடி படுத்துக் கிடந்தார்களாம். அதைப் பார்த்த நானபோஷோ, மரங்களுக்குள் தண்ணீரை ஊற்றி அதை நீர்க்கச் செய்துவிட்டான். இனிமேல் பாடுபட்டுத்தான் இனிப்பு என்று ஆகிவிட்டது. ஒன்றுக்கு நாற்பது என்ற கணக்கு ஏன் வந்தது என்பதற்கு அவர்கள் சொல்லும் விளக்கம் இது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனக்கென்று ஒரு மேப்பிள் காடு இருந்தது. குளிர்கால வேட்டை முடிந்து குடும்பங்கள் அங்கே போய்க் கூடும். காடும் கொப்பரையும் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பு. மரத்தில் வெட்டு வைப்பது, பேர்ச் மரப்பட்டையில் தைத்த பாத்திரங்களில் நீரைச் சேர்ப்பது, காய்ச்சுவது, பதம் பார்ப்பது, ‘மக்கக்’ என்ற பட்டைப் பெட்டிகளில் சீனியை அடைத்து வருடம் முழுவதும் வைத்திருப்பது எல்லாம் அவர்களுடைய கைவேலை. உப்புக்குப் பதிலாக இறைச்சியிலும் மீனிலும் இந்தச் சீனியைத்தான் போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் டென்ஸ்மோர் என்ற ஆய்வாளர் ஒஜிப்வே கிராமங்களில் தங்கி இதையெல்லாம் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்.

இங்கே வரலாற்றுத் துறைக்குள் ஒரு பழைய சண்டை இருக்கிறது. ஐரோப்பியர் கொண்டுவந்த இரும்பு, செம்புக் கொப்பரைகள் இல்லாமல் சீனி வரைக்கும் காய்ச்சியிருக்க முடியாது. ஆகவே பூர்வகுடிகள் நீரைக் குடித்திருக்கலாம், சீனி செய்திருக்க மாட்டார்கள் என்று சிலர் வாதாடினார்கள். மற்றவர்கள் சுட கல்லை நீருக்குள் போட்டுக் கொதிக்க வைக்கும் முறையையும், இரவில் நீரை உறையவிட்டு மேலே கட்டும் பனியை எடுத்தெறிந்து இனிப்பைக் கூட்டும் முறையையும் காட்டுகிறார்கள். லண்டனிலுள்ள ரோயல் சொசைட்டியின் இதழில் 1685இலேயே கனடாவின் மேப்பிள் சீனி பற்றி ஒரு குறிப்பு வந்திருக்கிறது. அதுவே பூர்வகுடிகள் நினைவுக்கு எட்டாத காலமாக இதைச் செய்கிறார்கள் என்றுதான் சொல்கிறது.

எனக்கு இந்தச் சண்டையில் சுவாரசியமானது ஆதாரம் பற்றிய கேள்வி. இரும்புக் கொப்பரை மண்ணுக்குள் நூற்றாண்டுக்கணக்கில் கிடக்கும். மரப்பட்டைப் பாத்திரம் உக்கிப்போகும். எழுத்து ஐரோப்பியரிடம் இருந்தது. வாய்மொழி வரலாறு மற்றப் பக்கம் இருந்தது. உக்கிப்போகிற பொருளில் வாழ்ந்தவர்களிடம்தான் “ஆதாரத்தைக் காட்டு” என்று கேட்கப்படுகிறது. தொல்லியலை வைத்து யார் முதல் வந்தது என்று அடிபடுகிற ஒரு நாட்டில் படிக்கிற எங்களுக்கு இது கொஞ்சம் பழகிய வாதம்தான்.

பிலடெல்பியாவில் ஒரு கடிதம்

இனி 1791க்கு வருவோம். பெஞ்சமின் ரஷ் பிலடெல்பியாவின் பேர்பெற்ற வைத்தியர். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அடிமை முறைக்கு எதிராக எழுதியவர். அந்த வருடம் ஜூலையில் அவர் தோமஸ் ஜெபர்சனுக்கு மேப்பிள் சீனி மரம் பற்றி நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். 1791 ஓகஸ்ட் 19 அன்று அது அமெரிக்கத் தத்துவக் கழகத்தில் வாசிக்கப்பட்டது, அடுத்த வருடம் சிறுநூலாகவும் வந்தது.

மரம் எப்படி இருக்கும், எவ்வளவு நீர் தரும், உறைய வைத்தும் காய்ச்சியும் சீனி எடுப்பது எப்படி என்று ரஷ் விபரமாகச் சொல்கிறார். பூர்வகுடிகள் சோளமாவையும் மேப்பிள் சீனியையும் கலந்து பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போவதையும் குறிப்பிடுகிறார். அதாவது யாருடைய அறிவு என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் முக்கியமான இடத்துக்கு வருகிறார்: இந்த மரத்தைத் தான் அன்போடும் பக்தியோடும் பார்ப்பதாகவும், மேற்கிந்தியத் தீவுகளில் ஆபிரிக்கர்களை அடிமைகளாக வைத்திருக்கும் தேவையை இது இல்லாமல் செய்யும் என்று நம்புவதாகவும் எழுதுகிறார்.

அவர் தனியாள் இல்லை. அதே 1791இல் இங்கிலாந்தில் வில்லியம் பொக்ஸ் என்பவர் மேற்கிந்தியச் சீனியை வாங்காதீர்கள் என்று ஒரு துண்டுப்பிரசுரம் எழுதி, அது காட்டுத்தீ மாதிரிப் பரவியது. ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் சீனியைக் கைவிட்டதாக அந்தக் காலத்து அடிமை எதிர்ப்பாளர் தோமஸ் கிளார்க்சன் கணித்தார். வாங்குகிறவன் கையில் ஓர் அரசியல் இருக்கிறது என்பதை இவ்வளவு பெரிய அளவில் காட்டிய முதல் இயக்கங்களில் ஒன்று இது. அதன் பெறுமதியைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. வாக்குரிமை இல்லாத பெண்கள், சமையலறைக்குள் இருந்துகொண்டே அரசியல் செய்த இயக்கம் அது.

ஆனால் மேப்பிள் சீனிக்காகப் பேசியவர்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அந்தக் கடிதத்தை எழுதும்போது ரஷ்ஷின் வீட்டிலேயே வில்லியம் கிரப்பர் என்ற அடிமை இருந்தார். அவர் விடுதலையானது 1794இல். கடிதத்தைப் பெற்ற ஜெபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். அவரும் மேப்பிள் பைத்தியம் பிடித்தவர்தான். கறுப்பின மக்களின் அடிமைத்தனத்துக்குப் பதிலாகச் சிறுவர்களின் உழைப்பே போதுமான ஒரு சீனி எவ்வளவு பெரிய வரம் என்று 1790இல் ஒரு கடிதத்தில் வியக்கிறார். 1791இல் நியூயோர்க்கில் ஒரு நாற்று மேடையிலிருந்து 60 மேப்பிள் கன்றுகள் அளவில் வாங்கி, வெர்ஜீனியாவில் மொன்டிசெல்லோ என்ற தன் தோட்டத்தில் நட்டார். வெர்ஜீனியாவின் சூட்டுக்குப் பெரும்பாலானவை பட்டுப்போயின. அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு திகதியையும் இதோடு சேர்த்து வைக்க வேண்டும். ரஷ்ஷின் கடிதம் கழகத்தில் வாசிக்கப்பட்டு மூன்றே நாளில், 1791 ஓகஸ்ட் 22 இரவு, உலகிலேயே அதிகமாகச் சீனி விளைந்த பிரெஞ்சுக் குடியேற்றமான சென் டொமிங்கோவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். கரும்புத் தோட்டங்கள் எரிந்தன. பதின்மூன்று வருடப் போருக்குப் பிறகு, 1804இல் அந்த மண் ஹெயிற்றி என்ற சுதந்திர நாடானது. பிலடெல்பியாவில் மரத்தை மாற்றினால் அடிமை முறை போய்விடும் என்று கடிதம் வாசிக்கப்பட்ட அதே கிழமையில், அடிமைகள் தங்களுடைய விடுதலையைத் தாங்களே கையில் எடுத்தார்கள். அடிமைகள் தாங்களே இதைச் செய்வார்கள் என்பதற்கு ரஷ்ஷின் திட்டத்தில் இடமே இருக்கவில்லை.

ஏரிக்கரையில் ஒரு காணி வியாபாரம்

மேப்பிள் திட்டம் வெறும் கடிதமாக நிற்கவில்லை. அதில் காசு போட்டவர்கள் இருந்தார்கள். நியூயோர்க் மாநிலத்தில் ஓட்செகோ ஏரிக்கரையில் வில்லியம் கூப்பர் என்ற காணி வியாபாரி 1786இல் பெருந்தொகை நிலத்தை வாங்கி ஓர் ஊரை உருவாக்கினார். இன்றைக்கும் அது கூப்பர்ஸ்டவுன்தான். நாவலாசிரியர் ஜேம்ஸ் பெனிமோர் கூப்பர் இவருடைய மகன்.

கூப்பருக்கு இருந்த பிரச்சினை இதுதான்: வந்து குடியேறும் ஏழை விவசாயிகளிடம் காணிக்குக் கட்டக் காசில்லை. காட்டை வெட்டி முதல் விளைச்சல் எடுக்கவே காலம் போகும். ஆனால் காட்டில் மேப்பிள் மரங்கள் நிற்கின்றன. சீனி காய்ச்சினால் முதல் வசந்தத்திலேயே காசு. அவர் பிலடெல்பியாவின் குவேக்கர் வியாபாரி ஹென்றி டிரிங்கரோடு கூட்டுச் சேர்ந்து, குடியேறியவர்களிடம் காய்ச்சுவித்த சீனியைப் பிலடெல்பியாவுக்கு அனுப்பினார். டிரிங்கருக்கு அடிமை எதிர்ப்பு உண்மையான மதநம்பிக்கை. காணியில் முதலீடும் உண்மைதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு முரண்பாடும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அடிமைகள் இல்லாத சீனி, காணியின் விலையையும் கூட்டும் சீனி.

சரி, அந்தக் காணி?

ஓட்செகோ ஏரி ஹோடெனோஷோனி மக்களின் நிலப்பரப்பில் இருந்தது. 1768இல் பிரித்தானியர் எழுதிய ஓர் ஒப்பந்தக் கோட்டோடு ஐரோப்பியர் கைக்கு மாறிய பகுதி. 1779இல், சுதந்திரப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, ஜோர்ஜ் வொஷிங்டனின் கட்டளைப்படி ஜெனரல் சலிவனின் படை ஹோடெனோஷோனி நாட்டுக்குள் நுழைந்தது. 40க்கும் மேற்பட்ட ஊர்கள் எரிக்கப்பட்டன. விளைந்து நின்ற சோளம், பழத்தோட்டம் எல்லாம் வெட்டிச் சாய்க்கப்பட்டன. தப்பியவர்கள் நயாகரா கோட்டைக்கு அகதிகளாக ஓடி, அந்தக் கொடும் பனிக்காலத்தில் பசியாலும் நோயாலும் செத்தார்கள். அந்தப் படையின் ஒரு பிரிவு புறப்பட்டது எங்கிருந்து தெரியுமா? இதே ஓட்செகோ ஏரியிலிருந்து. ஜெனரல் கிளின்டனின் ஆட்கள் ஏரியின் வாயிலில் அணை கட்டி நீரைத் தேக்கி, பிறகு அணையை உடைத்து அந்த வெள்ளத்தில் படகுகளை ஆற்றில் இறக்கினார்கள். பத்து வருடம் கழித்து அதே கரையில்தான் ‘இரத்தம் படாத சீனி’ காய்ந்தது.

இதில் இன்னும் கசப்பானது ஒனைடா மக்களின் கதை. கூட்டமைப்பில் பெரும்பாலானவர்கள் பிரித்தானியர் பக்கம் நிற்க, ஒனைடாக்களில் பெரும்பகுதியினர் அமெரிக்கர் பக்கம் நின்று சண்டை பிடித்தார்கள். நட்புக்குக் கிடைத்த கூலி? ஒரு காலத்தில் 6 மில்லியன் ஏக்கர் அளவு இருந்த அவர்களுடைய நிலத்தை நியூயோர்க் மாநிலம் துண்டு துண்டாக எழுதி வாங்கியது. 1920 ஆகும்போது எஞ்சியது 32 ஏக்கர். 1795இல் நடந்த ஒரு காணிக் கைமாற்றம் சட்டவிரோதமானது என்று ஒனைடாக்கள் வழக்குப் போட்டு, 1985இல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். 2005இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், இழந்த நிலத்தில் ஒரு பகுதியைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியபோதும் அதன் மேல் பழைய ஆட்சியுரிமை திரும்பாது, காலம் கடந்துவிட்டது என்றது. பறித்தவருக்குச் சாதகமாகக் காலமே சாட்சி சொல்லும் இந்த நியாயத்தை எங்கட ஊர்களில் காணி விடுவிப்புக்காகப் பந்தலுக்குள் வருடக்கணக்காக இருந்த அம்மாமார் நல்லா விளங்கிக்கொள்வார்கள்.

திட்டம் ஏன் சரிவரவில்லை?

ஒன்றுக்கு நாற்பது என்ற கணக்குத்தான் முதல் காரணம். பருவம் சில கிழமைகள்தான். ஒரு வருடம் பனி சரியில்லை என்றால் நீர் இல்லை. கூப்பரின் சீனி தரத்தில் சீராக வரவில்லை, அடுத்த பருவங்கள் பொய்த்தன, கடைசியில் நட்டம். குடியேறியவர்களுக்கும் மரத்தைப் பாதுகாப்பதைவிட வெட்டி எரித்துச் சாம்பலை விற்றுவிட்டு வயல் போடுவது இலாபம். மேப்பிள் சீனி கிராமத்து வீட்டுச் சீனியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க வாழ்ந்தது. ஆனால் கரும்பை அசைக்க அதால் முடியவில்லை. பிறகு கரும்புச் சீனி இன்னும் மலிந்தபோது, மேப்பிள் சீனிக் கட்டி சந்தையிலிருந்து ஒதுங்கி, பாணி மட்டும் ஓர் ஆடம்பரச் சுவையாக நின்றது. இன்று நாங்கள் ‘மேப்பிள் சீனி’ என்று சொல்லாமல் ‘சிரப்’ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கரும்புச் சீனி எப்படி மலிந்தது என்ற கேள்வியில் நாங்களும் வருகிறோம். பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை 1834இல் முடிவுக்கு வரத் தொடங்கியதும், தோட்டத் துரைமாருக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. மொரீசியசுக்கும் கயானாவுக்கும் பிறகு பீஜிக்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். 1860 நவம்பரில் டேர்பனில் கரையிறங்கிய ‘ட்ருரோ’ என்ற கப்பல் மெட்ராசிலிருந்து போனது. அதில் இருந்தவர்களில் பலர் தமிழர். போனது கரும்புத் தோட்டங்களுக்கு. அதே காலத்தில் இங்கே கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலையேறியவர்களின் சொந்தங்கள்தான் அவர்கள். அதற்குள் இங்கிலாந்தில், 1820களில், ‘அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சீனி’ என்று எழுதிய சீனிக் கிண்ணங்களும் விற்பனைக்கு வந்துவிட்டன. கொம்பனி ஆட்சியில் இருந்த இந்தியாவில் அந்தச் சீனியைச் செய்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கிண்ணம் சொல்லவில்லை. ஒரு பொருளுக்குச் ‘சுத்தம்’ என்று முத்திரை குத்தும்போது எந்தக் கேள்வி கேட்கப்பட்டது, எந்தக் கேள்வி விடப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்பதைத்தான் இந்த வரலாறு திரும்பத் திரும்பச் சொல்கிறது.

இதற்கு ஒரு கோரமான பின்குறிப்பும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வீடுகளில் மேப்பிளுக்குப் பதிலாகச் சோளப் பாகில் வாசம் சேர்த்த மலிவுப் பாணிகள் பரவின. அவற்றில் பேர்போன ஒன்று ‘ஆன்ட் ஜெமீமா’. போத்தலில் இருந்தது, வெள்ளையரின் சமையலறையில் சிரித்தபடி நிற்கும் ஒரு கறுப்பினச் சமையல்காரியின் முகம். இந்தப் பாத்திரத்தை முதலில் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் நடித்துக் காட்டிய நான்சி கிறீன் அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறையை ஒழிக்கப் புறப்பட்ட இனிப்பின் போலி, அடிமைக் காலத்து ஏக்கத்தை முகப்பில் ஒட்டி விற்கப்பட்டது. அந்தப் பெயர் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது 2021இல்தான்.

விட்டுக்கொடுக்காத மரம்

இதுவரை சொன்னது முழுக்கப் பறிகொடுத்த கதையாகத் தெரியலாம். அப்படி மட்டும் வாசித்தால் அது ரஷ் விட்ட பிழையை நாங்களும் விடுவது மாதிரி. பாதிக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் வரலாறுதான்.

1837 ஜூலையில், இன்றைய மின்னசோட்டாவில் உள்ள ஸ்னெலிங் கோட்டையில், ஒஜிப்வே தலைவர்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. அரசுக்கு வேண்டியது பைன் மரம், பலகைக்கு. நிலத்தைக் கொடுத்தாலும் தாங்கள் வாழ்கிற அந்த மரத்தையும், குடிக்கிற ஓடைகளையும் தங்களுக்கே வைத்துக்கொள்ள விரும்புவதாக ஒரு தலைவர் அங்கே பேசியது பதிவில் இருக்கிறது. அந்த மரம் மேப்பிள்தான் என்று பலர் வாசிக்கிறார்கள். எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் காட்டு விளைச்சல் சேர்ப்பதற்குமான உரிமை அவர்களுக்கு இருந்தது. அதற்குப் பிறகு அந்த உரிமையை மாநில அரசு மதிக்கவில்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் மறக்கவில்லை. 1999இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், மில் லாக்ஸ் ஒஜிப்வேக்களின் வழக்கில், 1837 ஒப்பந்த உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. இன்றும் மார்ச் மாதத்தில் அந்தக் காடுகளில் ஒஜிப்வேக் குடும்பங்கள் பாணி காய்ச்சுகின்றன. பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் இடமாகவும் அந்த அடுப்படி இருக்கிறது.

கனடாப் பக்கம் சந்தையின் கதை வேறு. உலக மேப்பிள் பாணியில் 70 வீதம் அளவில் கியூபெக் மாகாணத்தில்தான் வருகிறது. மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் இழுத்து, இயந்திரத்தால் நீரில் பாதிக்கு மேல் வடித்தெடுத்துவிட்டுத்தான் காய்ச்சுகிறார்கள். உற்பத்தியாளர் சங்கம் ஒவ்வொருவருக்கும் கோட்டா வைத்து, சேமிப்புக் களஞ்சியமும் நடத்துகிறது. 2011, 2012இல் அந்தக் களஞ்சியத்திலிருந்து ஏறக்குறைய 3000 தொன் பாணி, 18 மில்லியன் டொலர் அளவு பெறுமதி, களவு போய் உலகச் செய்தியானது. மேப்பிள் என்றால் இந்தக் களவைத்தான் எல்லாரும் சிரித்துச் சிரித்துக் கதைப்பார்கள். காடே களவு போன கதையைக் கதைக்கிறவர்கள் குறைவு.

எங்கட ஆக்கள் செறிந்து வாழ்கிற ஸ்காபரோவையும் இதிலிருந்து தள்ளி வைக்க முடியாது. ரொறன்ரோவின் நிலம் மிசிசாகா அனிஷினாபே மக்களிடமிருந்து 1787இலும் 1805இலும் எழுதி வாங்கப்பட்டது. அந்த வியாபாரத்தின் குறைபாட்டுக்காகக் கனடா அரசு 2010இல் 145 மில்லியன் டொலர் கொடுத்துச் சமரசம் செய்தது. நகரின் கிழக்குப் பக்கத்தைத் தொடுகிற வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் 1923இல் கையெழுத்தானபோது, ஏழு பூர்வகுடிச் சமூகங்கள் வேட்டை, மீன்பிடி உரிமைகளை இழந்தன. அது திருத்தப்பட 2018 வரை, 95 வருடம், எடுத்தது. யுத்தத்தால் இங்கே காணியை இழந்து ஓடியவர்கள், அங்கே இன்னொருவரிடமிருந்து எடுக்கப்பட்ட காணியில் அடைக்கலம் பெற்றார்கள். இது அவர்கள் செய்த குற்றம் இல்லை. ஆனால் ‘எங்களுக்குக் கனடா தந்தது’ என்று சொல்லும்போது, கொடுத்தவரிடம் அது எப்படி வந்தது என்ற கேள்வியும் அந்த வசனத்துக்குள் இருக்கிறது.

மேப்பிள் பாணியைச் சாப்பிடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பகிஷ்கரிப்பு எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதை 1791 காட்டிவிட்டது. இன்று நாங்களும் ‘இதை வாங்கு, அதை வாங்காதே’ என்ற பட்டியல்களோடு அரசியல் செய்கிற தலைமுறை. அது தேவையான வேலை. அதைச் செய்யும்போது, யாருக்காகப் பேசுகிறோமோ அவர்கள் ஏற்கெனவே என்ன கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று முதலில் கேட்டுப் பார்ப்போம். ஸ்னெலிங் கோட்டையில் கேட்கப்பட்டது நல்ல சீனி இல்லை, மரம். அங்கே இருக்கிற எங்கட பிள்ளைகளில் யாராவது இந்த வசந்தத்தில் ஒரு அனிஷினாபே காட்டில் போய் நின்று, தமிழில் அதைப் பற்றி எழுதினால் வாசிக்க ஆசையாக இருக்கிறேன்.